நான் செய்த பதினோரு இலக்க எண்

18140153401.

இந்த எண்ணைச் செய்தது நான். கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன், எண்கள் எல்லாம் ஏற்கெனவே இருப்பவைதான். ஆனால் இரண்டு எண்களைத் தேடிப் பிடித்து, பெருக்கி, விடையைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டவள் நான் என்பதால் இதை என் எண் என்றே நினைத்துக்கொள்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு கோடியே ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து நானூற்று ஒன்று. எங்கள் திலக் நகர் வீட்டில் இதை முழுதாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் ஒருமுறை முயன்று, கோடியோடு நின்றுவிட்டான்.

எண்களை உடைப்பது என் பழக்கம். சிலருக்கு நகம் கடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்த மாதிரி. பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகவோ நான்கு நான்காகவோ சம வரிசைகளில் நிறுத்தலாம். பதின்மூன்று பேரை அப்படி நிறுத்த முடியாது, ஒரே வரிசைதான். பன்னிரண்டு உடையும் எண், பதின்மூன்று உடையாத எண். நான் பம்பாய்ப் பள்ளியில் காம்போசிட், பிரைம் என்று படித்ததுக்குத் தமிழில் பகு எண், பகா எண் என்று அழகான பெயர்கள் இருப்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

என் வேலை கோட்டைப் பகுதியில், சரக்குக் கப்பல்களுக்குத் தாள் வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில். நாள் முழுக்க கண்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு எண்ணைப் பார்த்தால் அது உடையுமா என்று பார்க்காமல் என்னால் அடுத்ததுக்குப் போக முடியாது. ஏன் இவ்வளவு தாமதம் என்று மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். அதனால் பெரிய எண்களை ரயிலுக்கு என்று ஒதுக்கி வைத்தேன்.

ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டி. மான்குர்டில் ஏறும் மராத்திச் சிநேகிதி எனக்கு இடம் பிடித்து வைப்பாள். சுற்றிலும் சிலர் பட்டாணி உரிப்பார்கள், சிலர் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைப்பார்கள், நான் மடியில் நோட்டை விரித்து வகுத்துக்கொண்டிருப்பேன். திலக் நகரிலிருந்து கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரைக்கும் பதினோரு நிறுத்தம். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குள் ஒரு வகுத்தல், இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். குர்லா வருவதற்குள் ஏழால் வகுத்துவிட வேண்டும், சூனாபட்டி வருவதற்குள் பதினொன்றால், ஜிடிபி நகர் வருவதற்குள் பதின்மூன்றால். மீதி எவ்வளவு என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன். மீதி பூஜ்யம் வந்துவிட்டால் எண் உடைந்தது, அன்றைய ஆட்டம் முடிந்தது. மாலையில் நிற்கவே இடம் கிடைக்காது என்பதால் இதெல்லாம் காலையில் மட்டும்.

இப்படித்தான் ஒரு நவராத்திரி சமயத்தில் இரண்டு ஆறு இலக்க எண்களைச் சோதித்து முடித்தேன். ஒன்று 138889. இன்னொன்று 130609. எந்த எண்ணையும் அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. இரண்டு, மூன்று, ஐந்து பார்த்தவுடன் தெரிந்துவிடும், அவை போக முதல் எண்ணுக்கு எழுபது வகுத்தல், அடுத்ததுக்கு அறுபத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் ஏழு காலைப் பயணம் ஆயிற்று. இரண்டும் உடையவில்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் இரண்டையும் பெருக்கினேன். அப்படிப் பிறந்ததுதான் மேலே இருக்கும் பதினோரு இலக்கம்.

அதன் அருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருக்க எனக்கு ஆனது ஐந்து நிமிடம். ஆனால் என்னிடமிருந்து விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் அதைத் திரும்ப உடைக்க வேண்டுமானால் சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு 130609 வரைக்கும் போயாக வேண்டும். அதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பகா எண்கள் இருக்கின்றன. நாளுக்குப் பத்து வகுத்தல் போட்டாலும் மூன்று வருடம் தாண்டும். இலக்கங்களைக் கூட்டினால் 28, மூன்றால் வகுபடாது. முடிவது ஒன்றில், இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது. எந்தப் பக்கமும் பிடி கிடைக்காத எண் என்று சிநேகிதியிடம் அளந்தேன். அவள் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

தீபாவளி முடிந்ததும் அம்மா பெண் பார்க்கும் ஏற்பாட்டை மறுபடி ஆரம்பித்தாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு பேர் வந்து, பஜ்ஜி தின்று, போயிருந்தார்கள். ஒருவர் உட்காருவதற்கு முன்பே வேலையை எப்போது விடுவேன் என்று கேட்டார். ஒருவர் பேசிய நேரம் முழுக்கத் தன் பைக்கைப் பற்றியே பேசினார். மற்ற ஐந்து பேரிடமும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதை எங்கள் வீட்டில் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதே கிடையாது.

“ஏட்டி, எட்டாவது ஆளு வாராவ. இவுகளையாவது வாயைக் கொடுத்து வெரட்டிராத,” என்றாள் அம்மா, மாதுங்காவில் வாங்கி வந்த மல்லிகைப் பூவை என் தலையில் வைத்துக்கொண்டே.

“பையன் அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ்ல இருக்கான். டெக்னீஷியன். நம்ம ஊர்ப் பக்கந்தான். பக்கா ஆளு,” என்றான் அண்ணன். அவனுக்குத் தாராவியில் பெல்ட் பட்டறை. எதைப் பற்றிப் பேசினாலும் இழுத்துப் பார்த்துத் தரம் சொல்லும் குரலில்தான் பேசுவான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் வேண்டாம் என்று சொன்னால்தானே வீட்டில் ரகளை? மாப்பிள்ளையே வராமல் போய்விட்டால் யார் என்னைக் குறை சொல்ல முடியும்? அதற்கு என் எண்ணை விடப் பொருத்தமானது வேறு ஏது? இதில் நான் கொஞ்சமும் வெட்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன்.

அவர் தன் அக்காவோடு வந்தார். பெரியவர்கள் வழக்கம் போல எங்கள் இருவரையும் பத்து நிமிடம் கேலரிக்கு, அதாவது பால்கனிக்கு, அனுப்பினார்கள். மூன்று அடி அகல கேலரி. துணி காயும் கொடிக்கு அடியில் இருவரும் நின்றோம். அவர் கையில் பாதி தின்ற பஜ்ஜி. அதை ஒளிக்கவும் இல்லை, அவசரமாக விழுங்கவும் இல்லை, பேசிக்கொண்டே நிதானமாகத் தின்று முடித்தார்.

“எனக்கு உடனே சரி, வேண்டாம்னு சொல்ல வராது,” என்றேன். “ஒரு நம்பர் தாரேன். அதை ரெண்டு நம்பரோட பெருக்கலா உடைச்சுக் கொண்டு வாங்க. ஒண்ணால பெருக்கினா அதே நம்பர்தான்னு சொல்லக் கூடாது. கம்ப்யூட்டர், கால்குலேட்டர், போன் எதையும் தொடக் கூடாது. ஒரு மாசம் டைம்.”

“உடைச்சுட்டா?”

“சரின்னு சொல்லிருவேன்.”

“நான் போன்ல போட்டு ரெண்டு செகண்டுல எடுத்துட்டு, கையால போட்டேன்னு சொன்னா?”

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. “சொல்ல மாட்டீங்க,” என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எண்ணெய் படாத இடது உள்ளங்கையில் நான் சொன்ன பதினோரு இலக்கத்தையும் எழுதினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு இலக்கமாக எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார். அதற்கு முன் வந்த ஏழு பேரில் ஒருவர்கூட நான் சொன்ன எதையும் சரியாகக் கேட்டோமா என்று சரிபார்த்ததில்லை. அதை அப்போதே கவனித்தேன். கவனித்து, ஒதுக்கியும் வைத்தேன்.

உள்ளே அவருடைய அக்கா, “என்னடே கையில எழுதியிருக்க?” என்று கேட்டதற்கு, “வீட்டுப் பாடம்க்கா,” என்றார். அண்ணன் சிரித்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி இன்னொரு தடவை பொரிந்திருக்கும்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு மணி அடித்தது. அவர்தான், தனியாக. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தடிமனாகத் தாள்கள். முகத்தில் மறைக்க முடியாத சந்தோஷம். அம்மா காபி போட ஓடினாள். அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

“உடைஞ்சிருச்சுங்க,” என்றார். “ஒண்ணு இருநூத்திப் பதினொண்ணு. இன்னொண்ணு...”

“தப்பு,” என்றேன்.

“இன்னும் நான் ரெண்டாவதைச் சொல்லலியே.”

“சொல்ல வேண்டாம். நம்பரைச் செஞ்சதே நான். ரெண்டுமே ஆறு இலக்கம். மூணு இலக்கத்துல ஒண்ணும் கிடையாது.”

“நான் ரெண்டு தடவை போட்டுப் பாத்தேங்க.”

“அப்ப ரெண்டு தடவையும் தப்பாப் போட்டிருக்கீங்க.”

அவர் கையில் இருந்த தாள்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, அம்மாவிடம் “வாரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். பை தாள்களோடு நாற்காலியிலேயே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கோபம். ஒரு மாதம் டைம் கொடுத்திருக்கிறேன், எட்டே நாளில் அரைகுறையாக எதையோ போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று. முந்தைய ஏழு பேர் போனபோது எனக்குக் கோபமே வந்ததில்லை, நிம்மதிதான் வந்தது. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

“இம்புட்டு எழுதிக் கொண்டு வந்த பிள்ளை. ஒரு வாட்டி வாங்கிப் பாத்தா உன் கை தேஞ்சா போயிரும்?” என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

“பாக்கேன். எங்க தப்புன்னு வட்டம் போட்டுக் காட்டுதேன், இரு,” என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாற்பத்து நான்கு வகுத்தல். ஏழிலிருந்து ஆரம்பித்து, ஒரு பகா எண்கூட விடாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கோடு போட்டு, மீதியைச் சுற்றி வட்டம் போட்டு. சில தாள்களின் பின்பக்கம் பழைய டைம்டேபிள், சிலதின் பின்பக்கம் ஏதோ கல்யாணப் பத்திரிகை. கையெழுத்து சிறுபிள்ளை கையெழுத்து மாதிரி உருண்டையாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றியபடி ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். எங்கும் வட்டம் போட இடம் கிடைக்கவில்லை. கடைசித் தாளில் 211. மீதி பூஜ்யம். ஈவு 85972291.

பெருக்கிப் பார்த்தேன். இருநூறால் பெருக்கி, பதினொன்றால் பெருக்கி, இரண்டையும் கூட்டினேன். 18140153401. ஒரு இலக்கம் குறையவில்லை, ஒரு இலக்கம் கூடவில்லை.

எண்களில் ஒரு சட்டம் உண்டு, இதற்கு விலக்கே கிடையாது. எந்தப் பகு எண்ணையும் இனி உடைக்க முடியாது என்கிற துண்டுகள் வரைக்கும் உடைத்துக்கொண்டே போனால், யார் உடைத்தாலும், எங்கிருந்து தொடங்கினாலும், கடைசியில் கிடைக்கும் துண்டுகள் ஒன்றேதான். என் எண்ணுக்கு என் கணக்குப்படி இரண்டே துண்டு, இரண்டும் ஆறு இலக்கம். அவருடைய 211 உடையாத துண்டு. அப்படியானால் அது என் இரண்டு எண்களில் ஒன்றுக்குள் இருந்தே ஆக வேண்டும். அவரும் சரி, நானும் சரி என்று இரண்டு பேரும் இருக்க வழியே இல்லை.

138889-ஐ 211 ஆல் வகுத்தேன். மீதி 51. அப்பாடா என்றிருந்தது. பிறகு 130609. ஆறு, ஒன்று, ஒன்பது. மீதி பூஜ்யம். ஏழு காலைகள் மடியில் வைத்துச் சீராட்டிய என் உடையாத எண் 211-ஐ 619 ஆல் பெருக்கினால் வருகிற சாதாரண எண்.

எப்படி விட்டேன் என்று ரயில் நோட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பகா எண்களுக்கும் பக்கத்தில் மீதி எழுதியிருந்தது. 157-லிருந்து 211 வரைக்கும் பதினோரு எண்களுக்கு மட்டும் மீதி இல்லை, பென்சிலில் வெறும் டிக். பார்த்ததுமே எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. தசராவுக்கு முந்தின வேலை நாள். அன்று எங்கள் பெட்டிக்குப் பூஜை. வருடாவருடம் நடப்பதுதான். கைப்பிடிகளில் எல்லாம் மாவிலையும் செண்டுமல்லியும் கட்டி, ஜன்னல் கம்பிக்குக் குங்குமம் வைத்து, நவராத்திரியில் அன்றைக்கு உரிய நிறத்தில் எல்லோரும் புடவை கட்டி, ஆரத்தி காட்டி, பேடா கொடுத்து, வடாலா தாண்டியதும் கர்பா ஆட ஆரம்பித்துவிடுவோம். நானும் ஆடினேன். சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று பென்சிலில் டிக் போட்டு வைத்துவிட்டு ஆடினேன். சாயங்காலம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்ததில் நோட்டைத் திறக்கவே இல்லை. மறுபடி ரயிலேறியபோது டிக்குகளைப் பார்த்து, முடித்ததாக நினைத்து 223-க்குப் போய்விட்டேன்.

ஆடிய ஆட்டத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நாற்பத்து நான்கு வகுத்தலைக் கையால் போட்டு வந்த மனிதரை, தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அம்மா அண்ணன் முன்னால் தப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையது. அவர் கேட்டபடியே செய்திருக்கிறார். நான் கொடுத்த வாக்குப்படி இந்நேரம் சரி சொல்லியிருக்க வேண்டும். சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

“எங்கட்டி தப்பு?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றேன்.

அன்றே போன் செய்திருக்கலாம். அண்ணனிடம் நம்பர் இருந்தது. ஆனால் எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. திங்கட்கிழமை ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நல்ல நாள் இல்லை என்றேன், என் வாழ்க்கையில் அதற்கு முன் கிழமை பார்த்ததே இல்லை. புதன்கிழமை தொண்டை கட்டியிருந்தது. மனதுக்குள் அவர் வேறு பெண் பார்க்கப் போயிருப்பார், அங்கேயும் பஜ்ஜியை நிதானமாகத் தின்றிருப்பார் என்று ஓடியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கண்டெய்னர் எண்களை உடைக்காமல் அப்படியே ஏற்றினேன். மேனேஜர் பாராட்டினார்.

சிநேகிதியிடம் மட்டும் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, தன் மராத்தி கலந்த இந்தியில், “ஸாரி என்று சொல்ல உனக்கு எத்தனை ஸ்டேஷன் ஆகும்?” என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் பட்டாணியை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, ஆபீசில் அரை நாள் லீவு போட்டேன். போனில் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவள், அது என் தப்பு என்பதையும் முகத்துக்கு நேரேதான் சொல்ல வேண்டும் என்று பட்டது. அணுசக்தி நகர் அணு ஆராய்ச்சி மையத்து ஆட்களின் குடியிருப்பு, பாஸ் இல்லாமல் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று போன் செய்தேன்.

“நான் உங்க கேட்டுக்கு வெளியே நிக்கேன். அஞ்சு நிமிஷம் வர முடியுமா?”

“எந்த கேட்டு?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஷிப்டு முடிந்து ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். அவர் வேலை உடுப்போடு, தலையில் தொப்பி போட்டிருந்த தடம் அப்படியே தெரிய, வேகமாக நடந்து வந்தார். வழியில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன. நோட்டைத் திறந்து, அந்தப் பதினோரு டிக் இருக்கும் பக்கத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

“நீங்க சொன்னது சரி. நான்தான் தப்பு. இந்த நாள்ல நான் வகுக்கவே இல்ல, டான்ஸ் ஆடிக்கிட்டு இருந்தேன். உங்க தாளைக்கூடப் பாக்காம அப்படிப் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க.”

அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். டிக்குகளை விரலால் எண்ணினார். பிறகு சிரித்தார்.

“ஆறு இலக்கம், ஆறு இலக்கம்னு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் உடைச்சேன். இருநூத்திப் பதினொண்ணுக்கு மேல ஒவ்வொண்ணாப் போனேன். ஏழாம் நாள் அறுநூத்திப் பத்தொம்போதுல உடைஞ்சுது. ஈவு 138889. அதுக்கு மேல உடையாது. அப்புறம் முதல் ரெண்டையும் பெருக்கிப் பாத்தேன். ஆறு இலக்கம் வந்துது. ஓஹோ, இதைத்தான் அவுங்க உடையாதுன்னு நெனச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.”

“ஏழு நாளா?”

“என் வேலையே அதுதாங்க. பைப் லைன்ல கசிவு எங்கன்னு ஒவ்வொரு ஜாயிண்டாப் பாத்துக்கிட்டே போகணும். ஒண்ணை விட்டாலும் திரும்ப முதல்லேருந்து வரணும்.” கொஞ்சம் தயங்கி, “அந்த நம்பரை மீதியில்லாம வகுக்கிற நம்பர், ஒண்ணையும் அந்த நம்பரையும் சேத்து, மொத்தம் நாலுதான்னு நெனச்சிருப்பீங்க, இல்லியா? எட்டு இருக்கு. நம்ம தாராவி ரூம் மாதிரி, வெளிய பாத்தா நாலு பேர், உள்ள எட்டு பேர்,” என்றார்.

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது.

“அப்ப மூணு நாளா உங்களுக்குத் தெரியும். ஏன் ஒரு போன் பண்ணிச் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? நீங்க தப்பு, நான் சரின்னு ஆகும். உங்க வாக்குப்படி நீங்க சரின்னு சொல்லணும்.” அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். “கணக்குல தோத்துட்டோமேன்னு ஒருத்தங்க சரின்னு சொல்லி, அந்தச் சரியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இப்பவும் அதுக்காக வந்திருந்தீங்கன்னா வேண்டாங்க. அந்தக் கண்டிஷனை நான் விட்டுட்டேன். தப்புன்னு சொல்ல இம்புட்டு தூரம் வந்தீங்க, அது போதும்.”

நான் எட்டு ஆள்களாகத் தேடிக்கொண்டிருந்த வழி இதுதான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாத வழி. மாப்பிள்ளையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் தீர்ந்தது. திலக் நகர் பக்கம் போகும் பஸ் எதிரே வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

“நீங்க இதுவரைக்கும் என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல,” என்றேன். “நான் கொடுத்ததை உடைச்சீங்க. தப்புன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. உங்களுக்குக் கேக்க ஒண்ணுமே இல்லியா?”

அவர் யோசித்தார். அவசரமே படவில்லை. பின்னால் வந்த ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து அவருக்குத் தெரிந்தவர்கள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒண்ணு இருக்கு,” என்றார். “என்னைப் பிடிச்சிருக்கா?”

அம்மா கேட்டாலும் அண்ணன் கேட்டாலும் பிடிக்கவில்லை என்று மட்டுமே சொல்லிப் பழகிய கேள்வி அது. மற்றது எப்படி ஆரம்பிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

“பிடிச்சிருக்கு,” என்றேன். “அன்னைக்கு நீங்க நம்பரைத் திருப்பிப் படிச்சப்பவே பிடிச்சிருந்துது. நீங்க சரியா உடைச்சுக் கொண்டு வந்துரணும்னு எட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதனாலதான் தப்புன்னு நெனச்சதும் உங்க மேல அவ்வளவு கோவம் வந்துது.”